ஆலயக் கல்வெட்டில் யார் பெயர்?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் புது ஆலயம் கட்டி முடியப் போகிறது. பிரதிஷ்டைக்கு நாள் குறித்தாயிற்று. இப்போது சண்டை ஒரே விஷயத்தில்தான். வாசலில் வைக்கிற கருங்கல்லில் யார் பெயர் முதலில் வரும், யார் பெயர் பெரிய எழுத்தில் வரும், எவ்வளவு கொடுத்தால் பெயர் ஏறும்? ஒரு கல் போதாது, இரண்டாவது கல்லும் வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. உள்ளே போனால் ஃபேன் இறக்கையில் ஒரு பெயர், பெஞ்சின் முதுகில் ஒரு பெயர், மைக் ஸ்டாண்டில் ஒரு பெயர். ஞானஸ்நானத் தொட்டியையும் விடவில்லை.

இறந்துபோன அப்பா அம்மாவை நினைத்துக் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு" கிருபையினால் இரட்சிப்பு என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த ஜனம் நாம். ஒரு கல்லுக்காக அண்ணன் தம்பி பேசாமல் போகிற அளவுக்கு ஏன் பதறுகிறோம் என்று மனசு ஆறவில்லை.

டோனாவூர் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். 1951 ஜனவரியில் கண்மூடும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 1901-ல் கோவில் வீட்டிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமியை அடைக்கலம் கொடுத்து வைத்துக்கொண்டதில் தொடங்கி, எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது வருஷமும் பெரும்பாலும் படுக்கைதான். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அந்தச் சொல்லை மீறவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் அவர் பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. தாயைக் கூப்பிடுகிற ஒரே ஒரு சொல் இருக்கிறது.

அப்போஸ்தலர் 9-ல் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைப் பாருங்கள். செத்துப்போய் மேல்வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். பேதுரு வந்ததும் விதவைகள் சுற்றி நின்று அழுகிறார்கள். அழுதுகொண்டே, அவள் உயிரோடிருந்தபோது தைத்துக் கொடுத்த அங்கிகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. யாருக்குத் தைத்தாளோ அவர்கள் பேசுகிறார்கள்.

நான் கேட்பது இதுதான். நாம் செய்ததை நாமே எழுதி வைப்பது சரியா? பெற்றுக்கொண்டவர்கள் நினைத்தால் போதாதா?


சீயோன்வாசல்

பிரைஸ் த லார்ட் சிஸ்டர். நல்ல பாரத்தோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தபீத்தாளைச் சொல்லும்போதே கிரியைகள் பக்கம் சாய்ந்துவிடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு என்ன நற்கிரியை இருந்தது? ஒரு அங்கி தைக்கவில்லை, ஒரு செங்கல் எடுத்து வைக்கவில்லை. கையும் காலும் ஆணியில். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அடியேனை நினைத்தருளும்". அன்றைக்கே பரதீசு கிடைத்தது.

ஜீவபுஸ்தகத்தில் பெயர் இருந்தால் போதும். கல்வெட்டும் வேண்டாம், கல்தொட்டியும் வேண்டாம். நினைக்க வேண்டியவர் நினைப்பார்.


தாமிரபரணிக்கரை

பிரதர், அந்தக் கள்ளனின் ஜெபத்தை இந்த இழையில் கொண்டுவந்ததற்கு நன்றி. நினைக்கப்பட வேண்டும் என்ற ஆசையே பாவம் கிடையாது என்று அதிலிருந்தே தெரிகிறது. அவன் யாரிடம் கேட்டான் என்பதுதான் முக்கியம்.

கிரியைகள் இரட்சிக்காது என்பதில் எனக்கும் உங்களுக்கும் பேதமில்லை. ஆனால் எபேசியர் 2-ல் நாம் எல்லாரும் 9-ம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ம் வசனம் சொல்கிறது. அந்தக் கள்ளன் சிலுவையிலிருந்து இறங்கி ஊருக்குள் போயிருந்தால், திருடிய வீட்டுப் பக்கம் போகாமல் இருந்திருப்பானா?


கோட்டாறுக்காரன்

வணக்கம். நான் கத்தோலிக்கன். சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே நண்பர்கள் பேசுகிற இடத்தில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் பற்றி "கிரியைகளால் சொர்க்கத்தை வாங்குகிறவர்கள்" என்று சிறு வயதிலிருந்தே கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

"கிரியைகளில்லாத விசுவாசமும் செத்ததாயிருக்கிறது" என்று எழுதிய யாக்கோபின் நிருபத்தை மார்ட்டின் லூதர் 1522-ல் வைக்கோல் என்றே சொன்னார். அதிலிருந்து பிளவு எவ்வளவு ஆழமாகப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து ஒரு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் ஒன்றுமில்லை, கிருபையால்தான் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள். நானூற்று எழுபது வருஷச் சண்டையின் நடுவில் இருந்த விஷயம் இது. நம் ஊர் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

அப்புறம் நினைவைப் பற்றி. எங்களுக்கு நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா, 2 கல்லறைத் திருநாள். பெயர் தெரிந்த புனிதர்களுக்கு வருஷம் முழுக்க நாள் இருக்கிறது. நவம்பர் 1 பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத்தான். மறுநாள் கல்லறையில் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிற குழிக்கும் ஒரு திரி வைக்கச் சொல்லி என் அம்மா கற்றுக்கொடுத்தார்.

எங்கள் தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ரோமில் புனிதர் என்று அறிவித்தது 2022 மே 15 அன்று. இருநூற்று எழுபது வருஷம்! அதுவரை அந்த நினைவைத் தூக்கிக்கொண்டு நடந்தது யார்? கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறையைத் தொட்டு வேண்டிக்கொண்ட சாதாரண ஜனங்கள்தான்.


வேலூர்க்கோட்டை

செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாமிரபரணிக்கரை சொல்வதில் பாதிக்குத்தான் எனக்குச் சம்மதம்.

ஐடா ஸ்கடர் அம்மாவின் கதை எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருந்த மனைவிமாருக்கு உதவி கேட்டார்கள். மருத்துவரான அவர் அப்பாவை உள்ளே விட மூவருக்கும் மனமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் அமெரிக்கா போய்ப் படித்து 1899-ல் மருத்துவரானார், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார்.

நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி இல்லை. ஷெல் என்பவரைப் பற்றி. நியூயார்க்கில் ஐடா நிதி திரட்டிக்கொண்டிருந்தபோது, ஷெல் என்ற வங்கியாளர் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாகத்தான் கொடுத்தார். 1902-ல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. இன்றைக்கும் வேலூரில் ஆட்டோ டிரைவரிடம் "ஷெல் ஆஸ்பத்திரி" என்றால் கண் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவார். மேரி யார், அவர் கணவர் யார் என்று கண் காட்ட வருகிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் மனைவியை நினைத்து ஒருவர் கொடுத்த பணத்தால் எத்தனை ஆயிரம் பேர் பிழைத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பார்வை வந்திருக்கிறது!

அதனால் பெயர் போடுவதே தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பெயருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபேனில் பெயர் எழுதியவர் அந்த ஃபேன் ரிப்பேரானால் சரிபண்ணிக் கொடுக்கிறாரா? அதைக் கேளுங்கள் சபை மன்றத்தில்.


மானிப்பாயான்

யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்தவன் நான். டொக்டர் கிறீனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவப் பள்ளியும் நடத்தினார். அறுபதுக்கு மேற்பட்ட எங்கள் பொடியன்மாரை வைத்தியராக்கிவிட்டுப் போனார். பிற்பாடு பாடத்தையே தமிழில் நடத்தினார். மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம் என்று நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மட்டும் வைத்தியம் சொல்லிக்கொடுத்தால் அவன் உத்தியோகம் தேடிப் பட்டணம் போய்விடுவான், கிராமத்தில் இருக்கமாட்டான் என்று அவர் கண்டுகொண்டார்.

1884-ல் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் காலமானார். கல்லறைக் கல் வைப்பதானால் எளிமையாக, செலவில்லாமல் இருக்கட்டும் என்று முன்னரே எழுதி வைத்திருந்தார். என்ன பொறிக்க வேண்டும் என்பதையும் அவரே எழுதினார். பெயரும் வருஷமும் போக, தமிழருக்கு மருத்துவ ஊழியர், இயேசுவே என் சகலமும் என்று இரண்டே செய்திகள்.

அக்கா, நீங்கள் கேட்டதற்கு இதையும் சேர்த்துப் பாருங்கோ. ஏமி அம்மா கல் வேண்டாம் என்றார். கிறீன் கல்லில் என்ன இருக்க வேண்டும் என்று தானே சொன்னார். இரண்டு பேரிலும் எனக்குப் பெருமை தெரியவில்லை. கிறீன் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பியது எங்களைத்தான்.


சாயர்புரத்தான்

மானிப்பாய் அண்ணன் சொன்ன கல்லறை வாசகம் சிலிர்க்க வைத்தது. அதே மாதிரி ஜி.யு. போப் ஐயரும் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னாரே! எங்கள் சாயர்புரத்தில் பள்ளி நடத்தியவர் என்பதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?


மானிப்பாயான்

தம்பி, அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் கல்லில் அப்படி இல்லை. ஆக்ஸ்போர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல் இன்னும் இருக்கிறது, படங்களும் கிடைக்கும். அதில் அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும் இருக்கிறது. 1820-ல் பிறந்து 1908-ல் இறந்த தேதிகள் உண்டு. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்த கல் என்று முடிகிறது. தமிழ் மாணவன் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.


சாயர்புரத்தான்

மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். திருக்குறளை 1886-லும் நாலடியாரை 1893-லும் ஆங்கிலத்தில் தந்தவர். திருவாசகத்தை 1900-ல், எண்பது வயதில் முடித்தார். அந்த உழைப்பே போதும், இல்லாத வாசகம் எதற்கு?


கோட்டாறுக்காரன்

சாயர்புரம் தம்பி, விடுங்கள். அங்கிருந்து தமிழ் நண்பர்கள் பணம் சேர்த்து ஆக்ஸ்போர்டில் கல் வைத்தார்கள் என்பது கட்டுக்கதையைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

கல்லே இல்லாத ஒருவரையும் சொல்கிறேன். ரிங்கல்தௌபே. புராட்டஸ்டன்ட் மிஷனரி என்றாலும் எங்கள் ஜில்லாக்காரராகவே நினைக்கிறோம். 1806-ல் தென் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் ஊழியம் செய்தார். சம்பளத்தை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டுக் கிழிந்த துணியோடு திரிந்தவர். 1816-ல் உடம்பு முடியாமல் கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு எங்கே போனார், எங்கே செத்தார் என்று யாருக்கும் தெரியாது. மயிலாடி என்றால் இன்று கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். தெருவெல்லாம் உளிச் சத்தம். அந்த ஊரில் ஆண்டவரை அறிவித்த மனிதருக்கு உலகத்தில் எங்கேயும் ஒரு கல்லறை இல்லை.


மேட்டுத்தெரு

நான் ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் நல்ல மனசோடுதான் எழுதுகிறீர்கள். ஆனால் கார்மைக்கேல், ஸ்கடர், கிறீன், போப், ரிங்கல்தௌபே என்று நீங்கள் சொன்ன பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். கல் வேண்டாம் என்று ஒருவர் சொல்லலாம், அவருக்கு அப்புறமும் வாழ்க்கை வரலாறு எழுத நூறு பேர் இருந்தால். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை.

வெயிலில் ஊர் ஊராக நடந்து, திண்ணையில் உட்கார விடாத தெருவில் நின்றுகொண்டே வேதம் சொன்ன உபதேசியார்மார் எத்தனை பேர்? வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்களிடம் போய் எழுத்து சொல்லிக்கொடுத்த பைபிள் உமன் என்கிற சகோதரிகள் எத்தனை பேர்? மிஷனரி அறிக்கைகளில் "நமது உபதேசியார் ஒருவர்" என்று வரும். பெயர் வராது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சாதிச்சுவர் நிற்கிறது. செத்த பிறகும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம். எங்கள் பக்கத்தில் கல் வைக்க வசதியில்லாமல் மரச்சிலுவை வைத்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது இற்றுப்போகும். அப்புறம் குழி எதுவென்றே தெரியாது.

பெயர் வேண்டாம் என்ற தாழ்மை பெயர் இருக்கிறவனுக்குச் சுலபம். வைத்துக்கொள்ள விடாமல் பண்ணப்பட்டவனிடம் போய் அதைப் பிரசங்கம் பண்ணாதீர்கள். மயிலாடி ஆலயத்துக்குப் பெயரே ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவு ஆலயம் என்று இருக்கிறது. மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய் விசுவாசத்தைக் கொண்டுவந்து, மிஷனரியையும் வரவழைத்தவர். அவர் பெயரையும் சேர்த்து எழுதினார்களே, அதுதான் நியாயம்.


சீயோன்வாசல்

மேட்டுத்தெரு பிரதர், உங்கள் வார்த்தை என்னைத் தொட்டது. நினைக்க வேண்டியவர் நினைப்பார் என்று நான் எழுதினேன். அது சத்தியம்தான். எபிரெயர் 6:10-ம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் தேவன் நினைக்கிறார் என்பதைச் சாக்காக வைத்து சபை மறந்துவிடக்கூடாது. மாற்கு 14-ல் விலையேறப்பெற்ற தைலத்தை ஊற்றிய ஸ்திரீ செய்ததை உலகமெங்கும் சொல்லுவார்கள் என்று இயேசுவே சொன்னார். சொல்லுகிற பொறுப்பை நம்மிடம்தானே கொடுத்திருக்கிறார்?


ஊர்க்கிணறு

நான் கிறிஸ்தவன் இல்லை. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்ததால் ஒன்று சொல்கிறேன். அங்கே 1785-ல் கிளாரிந்தா என்ற விதவைப் பெண் கட்டிய சின்ன ஆலயம் இருக்கிறது. பிராமணக் குடும்பத்துப் பெண், 1778-ல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். எங்கள் வீட்டில் யாரும் கிளாரிந்தா என்று சொன்னதில்லை. பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றுதான் சொல்வோம். அந்த அம்மா வெட்டிய கிணறும் அந்தப் பெயரில்தான். மதம் பார்த்து நினைவு வருவதில்லை.

தஞ்சாவூரிலும் அப்படித்தானே? ஸ்வார்ட்ஸ் 1798-ல் இறந்த பிறகு, கிறிஸ்தவராகாத சரபோஜி மன்னர் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்து வரவழைத்தார். மரணப் படுக்கையில் ஸ்வார்ட்ஸ் கிடக்க, மன்னர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலச் செதுக்கியிருக்கும். லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது. ராஜா எழுதிய வரிகளும் ஸ்வார்ட்ஸின் கல்லறையில் உண்டு.


தாமிரபரணிக்கரை

மேட்டுத்தெரு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் போதகரான சேகரகுருவிடம் கேட்டு எங்கள் சபையின் பழைய அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். பெயர், வயது, தொழில், மரணத்துக்குக் காரணம், அடக்கம் செய்தவர் என்று கட்டங்கள். காரணத்தில் பேதி, காய்ச்சல், பிரசவம் என்று மாறி மாறி வருகிறது. பெண்களுக்கு நேரே தொழில் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு கோடுதான். சில இடத்தில் பெயர்கூட இல்லை, "இன்னார் மனைவி" என்று மட்டும் இருக்கிறது. மை பழுப்பாகி, தாளைத் திருப்பினால் ஓரம் உதிர்கிறது.

அந்தப் பெண்கள்தான் கைப்பிடி அரிசி எடுத்து வைத்தவர்கள். இளையவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உலையில் போட அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வீட்டில் அன்றைக்கு அரைவயிறு என்றாலும் அந்தப் பிடி குறையாது. ஞாயிற்றுக்கிழமை கலயத்தோடு ஆலயத்துக்கு வரும். எங்கள் பழைய ஆலயத்துக்கு ஓடு போட்டது அந்த அரிசிப் பணத்தில் என்று எங்கள் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஆலயத்துச் சுவரில் ஒரு பெண் பெயரும் இல்லை.

மத்தேயு 25-ல் வலதுபக்கம் நிற்கிறவர்கள் ராஜாவிடம், நாங்கள் எப்போது உமக்குச் சாப்பாடு போட்டோம் என்று கேட்கிறார்கள். செய்ததே அவர்களுக்கு ஞாபகமில்லை. சாப்பிட்டவருக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கலயத்துச் சோற்றில் வளர்ந்த சபை நாங்கள். ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது எங்கள் வேலை. கொடுத்தவர்கள் தங்களை எழுதிக்கொள்கிற கல்லைவிட, பெற்றவர்கள் எழுதுகிற கல்தான் எங்களுக்கு வேண்டும்.

வருகிற சபை மன்றக் கூட்டத்தில் இரண்டு யோசனை வைக்கப் போகிறேன். ஒன்று, வாசல் கல்லில் நன்கொடைத் தொகைப்படி பெயர் போடக் கூடாது. இரண்டு, பதிவேட்டில் கிடைக்கிற உபதேசியார்மார், மணியடித்தவர், குழி வெட்டியவர், கைப்பிடி அரிசிப் பெண்கள் என்று எல்லார் பெயரையும் தேடி எடுத்து முதலில் போட வேண்டும். பெயர் கிடைக்காத பெண்களுக்கு, "இன்னார் மனைவி" என்று இருப்பவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய்க் கேட்கப் போகிறோம். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.


வேலூர்க்கோட்டை

இதற்கு எனக்கு முழுச் சம்மதம். ஆனால் பணம் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள், பார்த்துப் பேசுங்கள். அவர்களில் பாதிப் பேரின் ஆச்சிமார் அந்தப் பதிவேட்டில் இருப்பார்கள். முதலில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள்.


மேட்டுத்தெரு

அக்கா, நன்றி. ஒரு விஷயம். பதிவேட்டை ஜெராக்ஸ் போடாதீர்கள், கட்டு பிரிந்துவிடும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து, மேலேயிருந்து போட்டோ எடுங்கள். எச்சில் தொட்டுத் தாள் திருப்ப யாரையும் விடாதீர்கள். எடுத்த உடனே வருஷம், பக்கம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு எது எதுவென்று தெரியாது. எங்கள் தெருவில் இதே வேலையைத் தொடங்கலாம் என்று பேசியிருக்கிறோம்.


தாமிரபரணிக்கரை

சரி அண்ணன், அப்படியே செய்கிறோம். எங்களிடம் இருக்கிற பதிவேட்டில் முதல் சில வருஷங்கள் இல்லை. அதற்கு முந்தியது எங்கே இருக்கும்?


மேட்டுத்தெரு

உங்கள் சபை எந்தச் சேகரத்திலிருந்து (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைகளின் வட்டாரத்திலிருந்து) பிரிந்தது என்று முதலில் விசாரியுங்கள். பிரிகிறபோது பழைய புத்தகங்களைத் தாய்ச்சேகரத்திலேயே விட்டுவிட்டு வருவது உண்டு. அங்கே பீரோவில் இல்லையென்றால் பரணில் பாருங்கள். உங்கள் சேகரகுருவிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். நான் வேண்டுமானால் கூட வருகிறேன்.